"அப்பாவுக்குத் தெரியுமா?": பிள்ளையோடு எல்லை தாண்டும்போது வரும் கேள்வி

ஆறு வயதுப் பிள்ளை கவுண்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எக்கி நிற்கிறது. அம்மா இரண்டு பாஸ்போர்ட்டையும் நீட்டுகிறார். இமிகிரேஷன் அதிகாரி ஒன்றைப் புரட்டுகிறார், மற்றதைப் புரட்டுகிறார், அப்புறம் குனிந்து பிள்ளையிடம் கேட்கிறார்: "கூட வந்திருக்கிறது யாரு?" பிள்ளை வெட்கப்பட்டு அம்மாவின் இடுப்பில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறது. அடுத்த கேள்வி அம்மாவுக்கு: "நீங்கள் போவது பிள்ளையின் அப்பாவுக்குத் தெரியுமா?"

இந்தக் கேள்விக்கு முகம் வாடாத பெற்றோர் குறைவு. பெற்ற பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக யாரிடம் சீட்டு வாங்க வேண்டும் என்று தோன்றும். அப்படித் தோன்றுவதில் தப்பே இல்லை. ஆனால் கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு நிமிடம். அதற்குள் அவருக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும். இந்தப் பிள்ளை யார்? கூட வருபவர் பிள்ளைக்கு என்ன உறவு? பிள்ளை மேல் உரிமை உள்ள இன்னொருவருக்கு இந்தப் பயணத்தில் சம்மதமா? பாஸ்போர்ட் முதல் கேள்விக்குப் பதில் சொல்லும். பிறப்புச் சான்றிதழ் இரண்டாவதற்குச் சொல்லும். மூன்றாவதற்குப் பதில் சொல்ல, அந்த இன்னொருவர் எழுதித் தரும் ஒப்புதல் கடிதத்தை விட்டால் பெரும்பாலும் வேறு காகிதம் கிடையாது.

ஒரு காலத்தில் பல நாடுகளில் பிள்ளையின் பெயரைப் பெற்றோரின் பாஸ்போர்ட்டிலேயே சேர்த்து எழுதிவிடுவார்கள். கைக்குழந்தைக்குத் தனிப் பாஸ்போர்ட் தேவைப்படவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 ஜூன் 26-ஆம் தேதியோடு அந்த வழக்கம் முடிந்தது. ஆளுக்கு ஒரு பாஸ்போர்ட் என்றானது. ஆள்மாறாட்டம் குறைய இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதோடு இன்னொன்று தொலைந்துபோனது. முன்பு அந்த ஒரே புத்தகத்தில் உறவும் எழுதியிருந்தது. இன்று பல நாட்டுப் பாஸ்போர்ட்டுகளில் பெற்றோர் பெயர் எங்குமே இருக்காது. பாஸ்போர்ட் கையில் இருக்கிறது, விசா இருக்கிறது, டிக்கெட் இருக்கிறது, பிறகு ஏன் நிறுத்துகிறார்கள் என்று கேட்பவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை. அந்த மூன்றில் எதுவும் "இது என் பிள்ளை" என்று சொல்வதில்லை.

பெயர் வேறுபட்டால் சிக்கல் இன்னும் கூடும். கல்யாணத்துக்குப் பிறகும் தன் பெயரை மாற்றிக்கொள்ளாத தாய், மறுமணம் செய்துகொண்டு பெயர் மாறிய தாய், குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லாத குடும்பங்கள் என்று இது எல்லா இடத்திலும் உண்டு. ஐஸ்லாந்தில் பிள்ளைகளின் கடைசிப் பெயர் பெரும்பாலும் அப்பாவின் பெயரிலிருந்து வருகிறது. அம்மாவுக்கு அவருடைய அப்பாவின் பெயரிலிருந்து. அப்பா பெயரை இனிஷியலாகப் போடும் குடும்பங்களிலும் அதே கதைதான். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதியதும் அம்மாவும் பிள்ளையும் வெவ்வேறு பெயரில் நிற்பார்கள். இதற்கு மருந்து ஒன்றுதான்: பெற்றோர் இருவர் பெயரும் உள்ள முழுமையான பிறப்புச் சான்றிதழ். சுருக்கச் சான்றிதழ் என்று தருவதில் சில நாடுகளில் பிள்ளையின் விவரம் மட்டுமே இருக்கும், பெற்றோர் பெயர் இருக்காது. அது இங்கே உதவாது. பெயர் மாறியிருந்தால் திருமணச் சான்றிதழையோ பெயர் மாற்ற ஆவணத்தையோ கூடவே வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி அந்தக் கடிதத்துக்கு வருவோம். அது ஏன் தேவைப்படுகிறது என்பதைப் புரிந்துகொள்ள 1980-ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். அந்த ஆண்டு அக்டோபர் 25-ஆம் தேதி, பிள்ளைகளை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கடத்திக்கொண்டுபோவது தொடர்பான ஹேக் ஒப்பந்தம் (நெதர்லாந்தின் ஹேக் நகரத்தின் பெயரால் வழங்குவது) உருவானது. 1983 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இன்று 100-க்கும் மேற்பட்ட நாடுகள் இதில் இருக்கின்றன. கடத்தல் என்றதும் முகம் தெரியாத ஒருவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது நம் நினைவுக்கு வரும். இந்த ஒப்பந்தம் பேசுவது அதைப் பற்றி இல்லை. பெற்ற தாயோ தந்தையோ, மற்றவரின் உரிமையை மீறிப் பிள்ளையை வேறொரு நாட்டுக்குக் கொண்டுபோய்விடுவதைப் பற்றியே பெரும்பாலும் பேசுகிறது. 16 வயது முடியாத பிள்ளைகளுக்கு அது பொருந்தும்.

அதன் மூன்றாவது பிரிவில் இரண்டு செயல்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்று, பிள்ளையை உரிமை மீறிக் கொண்டுபோவது. இன்னொன்று, கொண்டுபோன இடத்தில் உரிமை மீறி வைத்துக்கொள்வது. இரண்டுக்கும் சட்டத்தின் கண்ணில் ஒரே எடைதான். 1989-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 11-ஆவது பிரிவும் இந்த இரண்டையும் சேர்த்தே சொல்கிறது.

என்னைக் கேட்டால் இந்த விஷயத்தின் உயிர்நாடியே இங்குதான் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் ஒப்புதல் கடிதத்தைப் "போகலாம்" என்ற அனுமதிச் சீட்டாகவே நினைக்கிறார்கள். அதனால் "என் பிள்ளையைத் தாயோடு வெளிநாடு அனுப்பச் சம்மதிக்கிறேன்" என்று ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். பாதி வழக்குகளின் விதை அந்த ஒற்றை வரியில்தான் விழுகிறது என்று சொல்லத் தோன்றும். விடுமுறைக்குப் போனவர் திரும்பவில்லை. ஒரு மாதம் மூன்று மாதமாகிறது. பள்ளியில் சேர்த்தாயிற்று என்று செய்தி வருகிறது. அப்போது மற்றவர் கடிதத்தை எடுத்துப் பார்த்தால் அதில் எந்தத் தேதியும் இல்லை. "நீங்கள்தானே சம்மதித்தீர்கள்?" என்று நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு கேட்கும். ஏனென்றால் ஒப்பந்தத்தின் 13-ஆவது பிரிவு, மற்றவர் சம்மதித்திருந்தாலோ பின்னால் ஏற்றுக்கொண்டிருந்தாலோ பிள்ளையைத் திருப்பி அனுப்ப மறுக்கலாம் என்கிறது. எவ்வளவு காலத்துக்குச் சம்மதம் என்பதை எழுதி வைக்காத கடிதம், எழுதியவரையே திருப்பித் தாக்கும்.

கொண்டுபோகிறவருக்கும் அதே கடிதம்தான் பாதுகாப்பு. போகும் நாளும் திரும்பும் நாளும் எழுதியிருந்தால், நடுவில் "பிள்ளையைக் கடத்திவிட்டார்" என்று யாராவது புகார் கொடுத்தாலும் கையில் பதில் இருக்கும்.

சரி, கடிதத்தில் என்னதான் எழுத வேண்டும்? இப்படி ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்:

"கீழே கையெழுத்திட்டுள்ள நான், இன்ன பாஸ்போர்ட் எண் கொண்டவன், இன்ன தேதியில் பிறந்த, இன்ன பாஸ்போர்ட் எண் கொண்ட என் மகளின் தந்தை. என் மகள் தன் தாயுடன் ஜூன் 3 அன்று புறப்பட்டு ஜூன் 24 அன்று திரும்பும் பயணத்துக்கு முழுமனதோடு சம்மதிக்கிறேன். அவர்கள் இன்ன முகவரியில் தங்குவார்கள். என் மகள் வழக்கமாக வசிப்பது இந்த முகவரியில்தான்; இந்தப் பயணத்தால் அது மாறாது. பயணத்தின்போது அவசர மருத்துவச் சிகிச்சைக்கு முடிவெடுக்கும் அதிகாரத்தை அவள் தாய்க்கு அளிக்கிறேன். தொடர்புக்கு என் தொலைபேசி எண் கீழே உள்ளது."

இதில் எல்லாரும் தவறவிடும் வரி, "வழக்கமாக வசிப்பது இந்த முகவரியில்தான்" என்பது. ஹேக் ஒப்பந்தத்தின் கணக்கு முழுவதும் குடியுரிமையை வைத்து ஓடுவதில்லை. பிள்ளை வழக்கமாக எந்த நாட்டில் வசிக்கிறது என்பதை வைத்தே ஓடுகிறது. பிள்ளை எந்த நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும், அது வாழ்ந்து பழகிய நாட்டு நீதிமன்றம்தான் யாரிடம் வளர வேண்டும் என்று தீர்மானிக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. அதனால் இந்த ஒரு வரிக்குப் பெரிய மதிப்பு உண்டு. தொலைபேசி எண்ணும் வெறும் சடங்கு இல்லை. சந்தேகம் வந்தால் அதிகாரி அங்கேயே அந்த எண்ணுக்கு அழைப்பார். போனை எடுக்க ஆள் இருக்க வேண்டும். நேர வித்தியாசத்தில் தூங்கிக்கொண்டிருந்தால் காரியம் கெட்டது.

கடிதத்தை நோட்டரி முன் கையெழுத்திட்டு, போகும் நாட்டுக்குப் புரியும் மொழியில் மொழிபெயர்ப்பும் சேர்த்து வைப்பது நல்லது. சில நாடுகள் நோட்டரி முத்திரையோடு திருப்தியாகிவிடும். சில நாடுகள் அப்போஸ்டில் கேட்கும். ஒரு நாட்டின் பொது ஆவணத்தை இன்னொரு நாடு தூதரகத்துக்கு அலையவிடாமல் ஏற்றுக்கொள்ள, 1961 அக்டோபர் 5-ஆம் தேதியிட்ட இன்னொரு ஹேக் ஒப்பந்தம் வகுத்த முத்திரை அது. 120-க்கும் மேற்பட்ட நாடுகளில் செல்லும். இந்தியாவுக்கு 2005 முதல், சீனாவுக்கு 2023 நவம்பர் முதல், கனடாவுக்கு 2024 ஜனவரி முதல் அது நடைமுறையில் இருக்கிறது. பழைய வழிகாட்டுதலைப் பார்த்துத் தூதரகத்துக்கு நடையாய் நடப்பதற்கு முன் இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் சட்டப்படி கட்டாயமா என்றால், நாட்டுக்கு நாடு மாறும். கனடாவில் ஒப்புதல் கடிதம் சட்டக் கட்டாயம் இல்லை. ஆனாலும் வைத்துக்கொள்ளுங்கள் என்று அரசே மாதிரிப் படிவம் வெளியிட்டு வற்புறுத்துகிறது. பிரேசிலில் நேர்மாறு. பிரேசில் குடியுரிமை உள்ள பிள்ளை ஒரு பெற்றோரோடு மட்டும் வெளிநாடு போனால் மற்றவரின் அத்தாட்சி பெற்ற அனுமதி வேண்டும். விரும்பினால் அந்த அனுமதியைப் பாஸ்போர்ட்டிலேயே அச்சிட்டுக்கொள்ளலாம். பிலிப்பைன்ஸில் பிள்ளை பெற்றோர் இல்லாமல் தனியாகவோ வேறு ஆளோடோ போனால் சமூக நலத் துறையின் பயண அனுமதி வேண்டும். பிரான்ஸ் இந்த மாதிரி அனுமதியை 2013-இல் எடுத்துவிட்டது. பதின்ம வயதுப் பிள்ளைகள் சிரியாப் போருக்குக் கிளம்பிப் போகத் தொடங்கியதைக் கண்டு, 2017 ஜனவரி 15 முதல் மறுபடி கொண்டுவந்தது. தென்னாப்பிரிக்கா 2015 ஜூனில், வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முழுமையான பிறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றது. சுற்றுலாத் துறை படுத்துவிடும் என்ற குரல் எழுந்து, பெற்றோரோடு வரும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு 2019 இறுதியில் அதைத் தளர்த்தியது. இவற்றைப் பார்த்தால் ஒன்று விளங்கும். விதிகள் பிள்ளையின் குடியுரிமை, புறப்படும் நாடு, போய்ச் சேரும் நாடு, நடுவில் மாறும் நாடு என்று நான்கு இடத்திலிருந்தும் வரலாம். இரட்டைக் குடியுரிமை உள்ள பிள்ளை என்றால் இரண்டு நாட்டு விதியையும் பார்த்தாக வேண்டும்.

புறப்படும்போது யாருமே கேட்காத நாடுகளும் உண்டு. அமெரிக்காவிலிருந்து கிளம்பும்போது இமிகிரேஷன் கவுண்டரே கிடையாது. விமான நிறுவனத்தின் செக்-இன் மேசையோடு முடிந்தது. அதனால்தான் அங்கே பூட்டை முன்னாலேயே போட்டிருக்கிறார்கள். 16 வயது முடியாத பிள்ளைக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் பெற்றோர் இருவரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் வர முடியாவிட்டால் நோட்டரி முன் கையெழுத்திட்ட படிவம் தர வேண்டும். தன் பிள்ளைக்கு யாராவது பாஸ்போர்ட் விண்ணப்பித்தால் தனக்குத் தெரிவிக்கும்படி முன்கூட்டியே பதிந்து வைக்கும் வசதியும் இருக்கிறது. இந்தியாவிலும் பிள்ளையின் பாஸ்போர்ட்டுக்குப் பெற்றோர் இருவரும் உறுதிமொழி தரும் படிவம் இருக்கிறது. ஒருவரின் சம்மதம் கிடைக்காத நிலையில் மற்றவர் காரணம் சொல்லித் தனியாக உறுதிமொழி தரலாம். ஆக, மனக்கசப்பு உள்ள குடும்பத்தில் விமான நிலையம் வரை காத்திருந்தால் தாமதமாகிவிடும். எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் பாஸ்போர்ட் அலுவலகம்.

யாருடைய சம்மதம் வேண்டும் என்பதும் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி இல்லை. கணவனோ மனைவியோ இறந்துவிட்டால் இறப்புச் சான்றிதழ் போதும். துக்கத்தின் நடுவில் அதன் பிரதியைப் பெட்டியில் வைக்க மறந்து, கவுண்டரில் நின்று அதைச் சொல்ல நேர்வது கொடுமை. தந்தை பெயரே பதியப்படாத பிள்ளை என்றால் பிறப்புச் சான்றிதழே அதைச் சொல்லும். திருமணம் ஆகாத தந்தையின் உரிமை நாட்டுக்கு நாடு வேறு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும், 2003 டிசம்பர் 1-க்குப் பிறகு தாயோடு சேர்ந்து பிறப்பைப் பதிவு செய்து சான்றிதழில் தன் பெயரும் இடம்பெற்ற தந்தைக்குப் பெற்றோர் பொறுப்பு, அதாவது பிள்ளை பற்றி முடிவெடுக்கும் சட்ட உரிமை, உண்டு. அவர் சம்மதம் தேவை.

விவாகரத்து ஆனவர்கள் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இது. "கோர்ட்டே பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டது, பிறகு யாரைக் கேட்க வேண்டும்?" என்று பலரும் நம்புகிறார்கள். பிள்ளை யாரிடம் வளர்கிறது என்பது வேறு, எந்த நாட்டில் வசிக்கும் என்று சொல்லும் உரிமை யாருக்கு என்பது வேறு. சிலி நாட்டில் பிரிந்து வாழ்ந்த தம்பதியின் வழக்கு ஒன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. வளர்ப்புரிமை தாய்க்கு, தந்தைக்குப் பார்க்கும் உரிமை மட்டும். ஆனால் சிலிச் சட்டப்படி, தந்தையின் சம்மதம் இல்லாமல் பிள்ளை நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது. அந்தத் தடுக்கும் உரிமையும் ஹேக் ஒப்பந்தத்தின் கண்ணில் வளர்ப்புரிமைதான் என்று 2010-இல் அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே தீர்ப்பு நகலைக் கையில் வைத்துக்கொள்வதற்கு முன் அதை வரி வரியாகப் படிக்க வேண்டும். வெளிநாட்டுப் பயணம் பற்றி ஒரு வார்த்தை இருக்கிறதா? இங்கிலாந்திலும் வேல்ஸிலும், பிள்ளை தன்னோடு வசிக்க வேண்டும் என்று உத்தரவு பெற்றவர் மற்றவரைக் கேட்காமல் 28 நாள் வரை வெளிநாடு கூட்டிப்போகலாம், உத்தரவு வேறு மாதிரி சொல்லாத வரை. எல்லா நாட்டிலும் அந்தச் சலுகை இல்லை.

மற்றவர் கையெழுத்துப் போட மறுத்தால்? வெறும் பிடிவாதத்தால் மறுப்பவர்களும் இருக்கிறார்கள், நிஜமாகவே பயந்து மறுப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டுக்கும் வழி நீதிமன்றம்தான். பயண விவரம், திரும்பும் டிக்கெட், பிள்ளையின் பள்ளித் திறப்பு நாள், இங்கே நிரந்தர வேலை என்று காட்டினால் நீதிபதியே மற்றவரின் இடத்தில் நின்று அனுமதி தர முடியும். அதற்குச் சில மாதம் ஆகலாம் என்பதால், டிக்கெட் எடுப்பதற்கு முன்பே தொடங்க வேண்டும். தயவுசெய்து கையெழுத்தை மட்டும் நீங்களே போட்டுவிடாதீர்கள். ஒரு விடுமுறைக்காகச் செய்த அந்தக் காரியம், பின்னால் பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்ற வழக்கில் முதல் ஆதாரமாக வந்து நிற்கும்.

இதன் இன்னொரு முகத்தையும் சொல்லாமல் போனால் நியாயமாக இருக்காது. 1980 ஹேக் ஒப்பந்தத்தை வரைந்த காலத்தில், வளர்ப்புரிமை இழந்த தந்தை பிள்ளையோடு ஓடிப்போவதுதான் மனதில் இருந்தது. நடைமுறையில், கொண்டுபோனவர்களில் பெரும்பாலோர் பிள்ளையை அன்றாடம் வளர்த்த தாய்மார்கள் என்று தெரிந்தது. அவர்களில் ஒரு பகுதியினர் அடிக்குப் பயந்து பிறந்த வீட்டுக்கு ஓடியவர்கள். திருப்பி அனுப்பினால் பிள்ளைக்கு உடலுக்கோ மனதுக்கோ பெரும் ஆபத்து என்றால் மறுக்கலாம் என்று 13-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் அதை நிரூபிப்பது சுலபம் இல்லை. வன்முறையிலிருந்து தப்ப நினைப்பவருக்கு விமானத்தில் ஏறுவதற்கு முன்பே வக்கீல் உதவி கிடைத்தால், பிள்ளையையும் இழக்காமல் தப்பிக்க வழி இருக்கும். ஏறிய பிறகு அந்த வழி குறுகிவிடுகிறது.

காலமும் இங்கே கறாரானது. பிள்ளை கொண்டுபோகப்பட்டோ, திரும்ப அனுப்பப்படாமலோ ஓராண்டுக்குள் வழக்குப் போட்டால், விதிவிலக்கு எதுவும் இல்லாவிட்டால் உடனே திருப்பி அனுப்ப உத்தரவிட வேண்டும் என்கிறது 12-ஆவது பிரிவு. ஓராண்டு தாண்டிவிட்டால், பிள்ளை புது இடத்தில் வேரூன்றிவிட்டது என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். "கொஞ்ச நாள் பொறுப்போம், மனசு மாறி வந்துவிடுவார்கள்" என்று நல்ல மனதோடு காத்திருந்தவர்கள் இந்த விதியில்தான் அடிபடுகிறார்கள். அந்த ஓராண்டு எந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது? திரும்பி வராத வழக்குகளில், திரும்ப வேண்டிய தேதி கடந்த நாள் பெரும்பாலும் கணக்கில் வரும். கடிதத்தில் அந்தத் தேதி எழுதியிருக்க வேண்டும் என்று மறுபடி மறுபடி சொல்வது இதற்காகத்தான்.

ஒப்பந்தத்தில் இல்லாத நாடு என்றால், பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கேட்கும் இந்தக் கதவே இல்லை. இலங்கை 2001-இல் சேர்ந்தது, ஜப்பானில் 2014-இல்தான் நடைமுறைக்கு வந்தது, இந்தியா இன்னும் சேரவில்லை. இந்தியாவில் சட்ட ஆணையம் 2016-இல் தன் 263-ஆவது அறிக்கையில் ஒரு சட்ட வரைவைத் தந்தது. 2017-இல் உச்ச நீதிமன்றம், வெளிநாட்டு நீதிமன்றத்தின் உத்தரவு பார்க்க வேண்டிய அம்சங்களில் ஒன்று மட்டுமே, பிள்ளையின் நலன்தான் முதன்மை என்றது. இப்படிப்பட்ட நாட்டுக்குப் பிள்ளையை அனுப்பும்போது, கடிதத்தோடு நீதிமன்ற உத்தரவும், முடிந்தால் இரண்டு நாட்டு நீதிமன்றத்திலும் ஒரே மாதிரியான உத்தரவும் வாங்கி வைப்பது வக்கீல்கள் சொல்லும் யோசனை.

தாத்தா பாட்டியோடு போகும் பிள்ளைக்குப் பெற்றோர் இருவருமே கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். அதில் மருத்துவச் சிகிச்சைக்கான அதிகாரத்தைத் தெளிவாக எழுதுங்கள். நள்ளிரவில் காய்ச்சலோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போன பாட்டியிடம், சிகிச்சைக்குச் சம்மதம் தர உங்களுக்கு என்ன உரிமை என்று மருத்துவமனை கேட்டால் அவர் என்ன செய்வார்? தனியாகப் பறக்கும் பிள்ளைக்கு விமான நிறுவனத்தின் படிவம் தனி. அதில் ஏற்றிவிடுபவர், அழைத்துக்கொள்பவர் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்க வேண்டும். அது ஒப்புதல் கடிதத்துக்கு மாற்று ஆகாது.

காகிதங்களைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிடாமல் கைப்பையில் வையுங்கள். போனில் ஒரு பிரதியும் இருக்கட்டும். பிள்ளையிடமும் முன்னாலேயே பேசிவிடுங்கள். பதில்களை மனப்பாடம் செய்ய வைக்க வேண்டாம். ஒப்பிப்பது அதிகாரிக்கு உடனே தெரிந்துவிடும். "அங்கே ஒரு மாமா உன்னிடம் கேள்வி கேட்பார், தெரிந்ததைச் சொல்லு" என்றால் போதும். அப்புறம் பயணத்தின் நடுவில் விமானம் ரத்தாகித் திரும்பும் நாள் தள்ளிப்போனால், அன்றைக்கே மற்றவருக்குப் புதிய தேதியை எழுதி அனுப்பி, அவர் "சரி" என்று போட்ட பதிலை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.